நீர் புகாப் பை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லும் நண்பர்கள் இன்று நம் மன்றத்திலே பலர் இருக்கின்றனர். விடுமுறை வந்துவிட்டால் மூணாறு, வால்பாறை, வயநாடு என்று புறப்பட்டுவிடுகிறார்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்னால் கட்டிச் செல்லும் பையைப் பற்றிக் கேட்டாலோ, "ஏதோ ஒரு பை; மழை உறை இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள். சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறு கூறியவனே. வேதியியல் பயில்கிறவன், அதிலும் பிளாஸ்டிக்குகளைப் பற்றிப் படிக்கிறவன், இவ்வளவு அறியாமையோடு இருந்தது வெட்கத்துக்குரியது. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

எங்கள் குடும்பம் போடிநாயக்கனூரிலிருந்து ஏலூருக்குப் பிழைக்க வந்தது. ஏலூர், பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு. 1943இல் நிறுவப்பட்டு 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. என் தந்தையார் ஊரிலிருந்து வந்த நாள் முதல் சுமை ஏற்றும் வேலையே செய்து வருகிறார். உரச்சாக்கைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பின்னல் சாக்கு. உள்ளே மெல்லிய பாலித்தீன் பை. உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் இந்த உள்பை. தந்தையார் அப்படிப்பட்ட உள்பை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, எங்கள் ஊர் வீட்டின் கிரயப் பத்திரத்தை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி, மடித்து, மடித்த இடத்தில் சணலால் கட்டி வைத்திருந்தார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு எங்கள் தெருவுக்குள் புகுந்தது. வீட்டில் ஆள் மார்பளவு நீர். என் பள்ளிப் புத்தகங்கள் கூழாயின. சேறு பூசிய அந்தப் பையை அவிழ்த்தபோது பத்திரம் மட்டும் உலர்ந்திருந்தது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் தந்தையாரும் போடிக்குப் புறப்பட்டோம். தங்கையின் படிப்புக்காக வீட்டை விற்பது என்று முடிவாகியிருந்தது. நான் புதிதாக வாங்கிய பயணப் பை ஒன்று வைத்திருந்தேன். கருநிற நைலான், நாலைந்து அறைகள், இருபக்கமும் ஜிப். "வாட்டர்ப்ரூஃப்" என்று அட்டை வேறு தொங்கியது. "புதுப் பை இருக்கும்போது இந்த உரப்பை எதற்கு அப்பா?" என்று சிரித்துக்கொண்டே பத்திரத்தை உருவி என் பையில் வைத்தேன். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

ஏலூரிலிருந்து கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி, மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கொச்சிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையின் மறுபுறத்துப் போடியோ மழைமறைவு நாடு. ஆகவே இந்த வழியில் மழை முழுவதும் முதற்பாதியிலேயே காத்திருக்கும். 1935இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. அடிமாலி வரை விடவில்லை. தேநீர்க் கடையில் நின்று பையைத் திறந்தேன். பத்திரத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

இனிப் பாடத்துக்கு வருவோம். அந்தப் பைக்குள் நீர் எவ்வாறு நுழைந்தது?

நிற்கிற மனிதன்மேல் விழும் மழையும் ஓடுகிற வண்டிமேல் விழும் மழையும் ஒன்றல்ல. பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். மோதும் நீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது நாம் அறிந்ததே. கணக்கிட்டுப் பாருங்கள்: நின்றால் 4 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம், வண்டியின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே 14 மீட்டர். கணநேர மோதல்தான் என்றாலும் ஒவ்வொரு துளியும் அப்படியே மோதுகிறது. உட்புறம் மெல்லிய பூச்சுத் தடவிய நைலான் துணி சாதாரணமாக ஒன்றிரண்டு மீட்டர் நீர்த்தம்பத்தைத் தாங்குமாறு செய்யப்படுவது. அது கூடாரத்துக்குப் போதும்.

ஆனால் துணியைக் குறை கூறுவதற்கு முன் தையலைப் பார்க்க வேண்டும். சென்டிமீட்டருக்கு மூன்று தையல் என்று வைத்தாலும், ஒன்றரை மீட்டர்த் தையலில் 450 ஊசித் துளைகள். துணியைப் பாராட்டும் விளம்பரம் துளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அடுத்து ஜிப். பல்லுக்குப் பல் இடைவெளி உள்ள பொருள் அது. ரப்பர் பூசிய ஜிப் நீரைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது.

மழை உறை என்று ஒன்று தருகிறார்களே, அது எனக்குச் செய்த உபகாரத்தைக் கேளுங்கள். உறை மேலே மூடியிருந்தது. பையின் அடிப்பக்கம் திறந்தே இருந்தது. பின்சக்கரம் வாரி இறைத்த நீர் கீழிருந்து ஏறிற்று. ஏறிய நீர் உறையின் தொங்கிய விளிம்பில் தேங்கிற்று. நான் பையைத் திறந்தபோது அது உறையாக இல்லை, தொட்டியாக இருந்தது.

ரப்பர் இட்ட நீர் புகாத் துணி பரவலாகி இருநூறு ஆண்டு ஆகிறது. ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டாஷ் 1823இல், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரு துணிகளுக்கிடையே வைத்து ஒட்டினார். வெயிலில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்து சூடாக்கும் முறையைக் கண்டபின் அக்குறை நீங்கிற்று. 1926இல் வால்டோ செமன் என்ற அமெரிக்கர் பி.வி.சி.யை நெகிழச் செய்யும் வழி கண்டார். லாரிகளின் தார்ப்பாய்கள் பி.வி.சி. பூச்சுக்கு மாறின. 1981இல் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் ஓட்டி நனைந்த ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற ஜெர்மானிய இளைஞர், லாரி ஒன்றின் தார்ப்பாயைப் பார்த்து, அதே துணியில் பை தைத்தார். அடுத்த ஆண்டே தொழிலாகத் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் சுருட்டுவாய்ப் பைகளில் பலவும் அந்த வழியில் வந்தவையே. ரைனாக்ஸ், வயாடெர்ரா போன்ற இந்திய நிறுவனங்களும் இப்போது பயணப் பைகள் செய்கின்றன.

இவ்வகைப் பையில் தையலுக்குப் பதில் உருக்கி ஒட்டுகிறார்கள். பி.வி.சி.யின் மூலக்கூற்றில் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். நொடிக்கு 2 கோடியே 70 இலட்சம் முறை திசைமாறும் மின்புலத்தில் வைத்தால் அம்மூலக்கூறுகள் அதனோடு திரும்ப முயன்று உள்ளிருந்தே சூடேறி உருகுகின்றன. இரு துணியும் ஒன்றாகிவிடும், துளையே இல்லை. பாலித்தீனுக்கு அத்தகைய இருமுனை கிடையாது. ஆகவே அதை இம்முறையில் ஒட்ட இயலாது, வெறும் சூட்டினால்தான் ஒட்ட வேண்டும். பி.வி.சி. மலிவு; ஆனால் நெகிழ்வூட்டும் எண்ணெய் நாளடைவில் வெளியேறித் துணி விறைத்து வெடிக்கும். டி.பி.யூ. பூசிய துணி விலை கூடுதல். அவ்வாறு எளிதில் விறைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை செல்பவருக்குப் பி.வி.சி. போதும் என்பது என் கருத்து.

வாயைப் பற்றி ஒரு சொல். சுருட்டுவாயை மூன்று முறையேனும் சுருட்ட வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் நீர் ஊரும் வழியை நெரித்து நீட்டுகிறது. 40 லிட்டர்ப் பையை 40 லிட்டருக்கும் நிரப்பிவிட்டுச் சுருட்ட வாய் இல்லாமல் தவிப்போரைக் கண்டிருக்கிறேன். நால்பங்கில் ஒரு பங்கு வாய்க்கு விடுங்கள். தந்தையார் உரப்பையின் வாயை முறுக்கி மடித்துக் கட்டினாரே, அதுவும் இதே தத்துவம்தான். போடியில் ஏலக்காய் வணிகர்களும் சாக்குக்குள் கறுப்புப் பாலித்தீன் உள்பை இட்டுத்தான் காயைக் காக்கிறார்கள். நான் அதைச் சிறுவயது முதல் பார்த்தவன்!

பூட்டுள்ள கெட்டிப் பெட்டி நல்லதல்லவா என்று சிலர் கேட்பர். திருட்டுக்கு நல்லது. மழைக்கு ஒரு சங்கடம் உண்டு. வெயிலில் பெட்டிக்குள் காற்று 45 பாகைக்குச் சூடேறியிருக்கிறது என்று கொள்வோம். திடீரென மழை கொட்டி 25 பாகைக்குக் குளிர்ந்தால், உள்ளழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். அது 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீர்த்தம்பத்துக்குச் சமம். ரப்பர் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பெட்டி தானே நீரை உறிஞ்சிக் குடிக்கும். 1,500 மீட்டர் உயரத்து மூணாற்றில் திறந்து மூடிவிட்டுச் சமவெளிக்கு இறங்கினாலும் இதே கதை. அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. மென்பை சுருங்கிக்கொடுத்துத் தப்பிவிடுகிறது.

இன்னொன்று: மூடிய பைக்குள் காற்றின் ஈரம் படிந்து துணி நனைகிறது என்று அஞ்சுவார்கள். 30 பாகை வெப்பத்தில், ஈரம் மிகுந்த ஏலூர்க் காற்று 20 லிட்டர் உள்ளே அடைபட்டு, மூணாற்றின் 15 பாகைக்குக் குளிர்ந்தால் படியும் நீர் அரை கிராம் கூட இராது. பை உள்ளே நனைந்திருந்தால் ஓட்டையைத் தேடுங்கள். அல்லது ஈரத் துண்டை யார் உள்ளே வைத்தார்கள் என்று கேளுங்கள்.

கடையில் ஐ.பி. என்ற குறியீட்டைக் காட்டுவார்கள். அதில் இரண்டாம் இலக்கமே நீருக்குரியது. 4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீர். 6 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் வலிய நீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம். 7 பெற்றது 6இலும் தேறும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு தேர்வு. அடைமழையில் வேகமாகச் செல்பவருக்கு 6 எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. எந்த இலக்கமும் இல்லாமல் "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல் மட்டும் இருந்தால் கையிலுள்ள பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் ஒரு சோதனை செய்யலாம். பையைக் காற்றோடு சுருட்டி மூடி, நீர் நிறைந்த தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே ஓட்டை. கட்டும் பட்டையிலும் கவனம் வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும்; புறப்படும்போது இறுக்கமாக இருந்தது அடிமாலியில் தளர்ந்துவிடும். பாலியெஸ்டர்ப் பட்டை அவ்வாறு நீள்வதில்லை. கொக்கி வைத்த ரப்பர்க் கயிற்றை நான் விட்டுவிட்டேன். அது தெறித்தால் கண் போகும்.

அடிமாலித் தேநீர்க் கடைக்காரர் பழைய மலையாளச் செய்தித்தாள் ஒரு கட்டுத் தந்தார். தந்தையார் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையே செய்தித்தாளை வைத்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். என்னைத் தொடவிடவில்லை. தட்டச்சு எழுத்துகள் அப்படியே இருந்தன. தட்டச்சு நாடாவின் மை எண்ணெயில் குழைத்த கரி, நீரில் கரையாது. பேனா மை கரையும் சாயம். கடைசித் தாளில் தாத்தாவின் கையெழுத்து இருந்த இடத்தில் நீலக் கறை ஒன்று பரவியிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்பரும் வருஷமும் தெரியுது, நகல் எடுத்துக்கலாம்" என்றார். வேலை நடந்தது. நகலில் எல்லாம் இருந்தது, அந்தக் கையெழுத்தைத் தவிர. தாத்தா எழுதியது என்று எங்கள் வீட்டில் வேறெதுவும் இல்லை.

இப்போது என்னிடம் 30 லிட்டர்ச் சுருட்டுவாய்ப் பை ஒன்று இருக்கிறது. மட்டாஞ்சேரியில் தார்ப்பாய் வேலை செய்யும் ஒரு கடையில் சொல்லிச் செய்துகொண்டேன். சென்ற மாதம் மறுபடி போடிக்குப் போக அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது தந்தையார் வந்து நின்றார். கையில் பழைய உரப்பை. "இதையும் உள்ள வச்சுக்கப்பா" என்றார். வாங்கி, காகிதங்களை அதற்குள் போட்டு, அவர் கட்டுகிற மாதிரியே வாயை முறுக்கி மடித்துக் கட்டினேன். "இன்னும் ஒரு மடிப்பு" என்றார்.