கழுகின் முதுகில் ஒரு கருவி: வலசைப் பாதையைச் செயற்கைக்கோள் வழியே தொடரும் முறை

கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா நாடுகளின் புல்வெளிகளில் கூடு கட்டும் ஸ்டெப்பி கழுகுகள், குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பிரிந்து செல்கின்றன. ராஜஸ்தானில் பிகானேர் அருகே ஜோர்பீரில், கால்நடைச் சடலங்கள் கொட்டப்படும் திடலில் இவற்றைக் கூட்டமாகக் காணலாம். 2015-ல் இந்த இனம் உலக அளவில் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. எந்த வழியில் போகிறது, எங்கே சாகிறது என்று அறியச் செயற்கைக்கோள் கருவியைவிட நல்ல வழி இன்று இல்லை.

எந்தப் பறவையில் கருவி பொருத்துவது என்பதை ஆய்வின் கேள்விதான் முடிவு செய்யும். பழகிய பாதையை அறிய வளர்ந்த கழுகு வேண்டும். இளம் பறவைகள் எங்கே மடிகின்றன என்று அறியக் கூட்டிலிருக்கும் குஞ்சு வேண்டும். குஞ்சுகளில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை என்பதால் அதற்குக் கருவிகள் கூடுதலாகத் தேவைப்படும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி பெறாமல் கழுகைப் பிடிக்கக் கூடாது. அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

கருவிகளில் இரண்டு வகை முக்கியமானவை. 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் முறையில், துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் கருவியின் அலைவரிசையில் ஏற்படும் டாப்ளர் மாற்றத்தை வைத்து இடத்தைக் கணிக்கின்றன. நல்ல தரத்துப் பதிவில் பிழை 250 மீட்டருக்குள் இருக்கும். தரம் குறைந்தால் பல கிலோமீட்டர் விலகும். மற்ற வகை, ஜிபிஎஸ் மூலம் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் குறித்து, கைபேசி கோபுரம் எட்டும்போது அனுப்புவது. விலையும் துல்லியமும் இதற்கே சாதகம். ஆனால் கோபுரம் இல்லாத புல்வெளியில் தகவல் கருவியிலேயே தேங்கும். 2019-ல் ரஷ்ய ஆய்வாளர்களின் கழுகுகள் கோடையைத் தொடர்பற்ற கஜகஸ்தான் வெளிகளில் கழித்துவிட்டு, ஈரான் போன்ற நாடுகளுக்குள் நுழைந்ததும் சேர்த்துவைத்த குறுஞ்செய்திகளை எல்லாம் ரோமிங் கட்டணத்தில் அனுப்பின. ஆய்வுப் பணம் தீர்ந்து, பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியதாயிற்று. கழுகு கடக்கக்கூடிய நாடுகளின் கட்டணத்தை முன்பே கணக்கிட வேண்டும்.

எடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கருவி, நாடா, நூல் எல்லாம் சேர்ந்து பறவையின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இரண்டரை கிலோ கழுகுக்கு அது 75 கிராம். வாங்கிய கருவியைச் சில நாட்கள் திறந்தவெளியில் வைத்து, சூரியத் தகடு மின்னேற்றுகிறதா, பதிவுகள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வளர்ந்த கழுகை இரை வைத்து வில்வலையில் பிடிக்கலாம். குஞ்சு என்றால், உடல் ஏறக்குறைய முழு வளர்ச்சி பெற்று, இன்னும் பறக்காத நாட்களே ஏற்றவை. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். வலையிலிருந்து எடுக்கும்போது முதலில் கால்களைப் பற்ற வேண்டும். ஆபத்து அலகில் அல்ல, நகங்களில்தான். கண்ணை மறைக்கும் தோல் தொப்பியைப் போட்டதும் பறவை அமைதியாகிவிடும். பிறகு எடை, இறக்கை நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, காலில் வளையம் இடலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது கருவியைக் கட்டும் நேரத்தில். முதுகுப்பை போலக் கட்டும் முறையே வழக்கம். டெஃப்லான் நாடாக்கள் இறக்கைகளுக்கு முன்னும் பின்னும் சென்று மார்பெலும்பின் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திப்பு ஒரு பக்கம் சாய்ந்தால், நாடா ஒரு தோளை அறுக்கும். நாடா சிறகுகளுக்கு மேல் கிடக்காமல் தோலை ஒட்டிப் படிய, சிறகுகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட வேண்டும். கருவிக்கும் முதுகுக்கும் இடையே விரல் நுழையும் தளர்வு தேவை. இரை தின்று தீனிப்பை புடைத்தாலும், வலசைக்கு முன் கொழுப்பு ஏறினாலும் இறுக்கக் கூடாது. அதற்காக அதிகம் தளர்த்தினால் கால் மாட்டிக்கொள்ளும். மார்பில் சந்திக்கும் இடத்தைப் பருத்தி நூலால் தைத்தால், நூல் சில ஆண்டுகளில் இற்று, கருவி தானாகக் கழன்று விழும். பழக்கமில்லாதவர் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும்.

பறவையை விடுவித்ததும் பதிவுகள் வரத் தொடங்கும். மூவ்பேங்க் என்னும் இணையத் தரவுத்தளத்தில் அவற்றைச் சேமிக்கலாம். நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மறந்தால், காலை எட்டு மணிக்குக் கிளம்பிய கழுகு அதிகாலை இரண்டரை மணிக்கே பறந்ததாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் 400 கிலோமீட்டர் தாண்டியதாகக் காட்டும் புள்ளி பிழையானது, நீக்கிவிடலாம். பெரிய கழுகுகள் வெப்பக் காற்றில் ஏறி மிதந்து பகலில் பயணம் செய்பவை. வெப்பக் காற்று எழாத கடலைத் தவிர்ப்பவை. பெர்ண்ட் மைபுர்க் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டெப்பி கழுகுகள் இலையுதிர் காலத்தில் பாப்-எல்-மண்டெப் நீரிணை வழியாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, வசந்தத்தில் சூயஸ் வழியாகத் திரும்பி, செங்கடலையே சுற்றி வந்தது தெரிந்தது.

புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்து, அசைவுணரியும் ஓய்ந்துவிட்டால், கழுகு இறந்திருக்கலாம் அல்லது கருவி கழன்றிருக்கலாம். உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மின்கம்பத்தின் அடியில் கருகிய சிறகுகள் கிடந்தால் காரணம் தெளிவு. சடலத் திடலின் அருகே என்றால் ஈரல், சிறுநீரக மாதிரிகள் தேவை: கால்நடைகளுக்குக் கொடுக்க 2006-ல் தடை செய்யப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தின் எச்சம், ராஜஸ்தானில் இறந்த ஸ்டெப்பி கழுகுகளின் உடலில் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாள் தாமதித்தால் உடல் அழுகி, மாதிரி பயன்படாது.

வரைபடத்தைப் பொதுவெளியில் பகிர்வோர் பதிவுகளைச் சில வாரங்கள் தாமதித்தே வெளியிட வேண்டும். கூட்டின் இடத்தை ஒருபோதும் வெளியிட வேண்டாம்.