பத்து ரூபாய் நோட்டிலிருந்து ஒரு பாஸ்வேர்டு

பிரவுசிங் சென்டரில் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு பிள்ளையின் பெயர், ஒரு அட் குறி, பிறந்த வருடம். கேட்காமலே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். பிறந்த தேதி ரகசியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 80 வருடத்தில் மொத்தமே சுமார் 29,200 நாட்கள்தான். கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேரத்து வேலை.

திருக்குறளில் ஒரு வரியை வைப்பவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். குறள் 1,330தான். ஒவ்வொன்றையும் நூறு விதமாக எழுத்துக்கூட்டினாலும் 1,33,000. சினிமாப் பாட்டும் அப்படித்தான். நமக்குப் பிடித்தது ஊருக்கும் பிடித்திருக்கும். அதனால் பாஸ்வேர்டை யோசித்து வைக்கவே கூடாது, சீட்டுக் குலுக்குவதுபோல் எடுக்க வேண்டும்.

1. 700 பக்கமாவது உள்ள தமிழ் அகராதி ஒன்றை எடுங்கள்.

2. வீட்டில் கிடக்கும் பழைய ரூபாய் நோட்டுகள் பத்துப் பன்னிரண்டு வேண்டும். ஏடிஎம்மில் வந்த புது நோட்டு ஆகாது, எண்கள் வரிசையாக இருக்கும். நோட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கம்தான் பக்க எண். 000 வந்தாலோ 700-ஐத் தாண்டினாலோ அடுத்த நோட்டு.

3. அந்தப் பக்கத்தில் மேலிருந்து உங்களுக்குத் தெரிந்த முதல் பெயர்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஆறு சொற்கள்.

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். ‘கொசு’ வந்தால் முகம் சுளித்து அடுத்த சொல்லுக்குப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் காகிதத்தில் நிலா, மல்லிகை, அம்மா என்று கவிதை உட்கார்ந்திருக்கும். வந்த சொல்லை மாற்றாதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள். 700 பக்கம், ஆறு சொல் என்றால் சுமார் 1,176 கோடி கோடி விதங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு செத்துவிடும்.

4. கதை கட்டுங்கள். கொசு, தராசு, அகப்பை, வட்டி, நண்டு, மழை என்று வந்ததா? கொசு தராசோடு அகப்பை விற்கப் போனது, வட்டிக்கு நண்டிடம் கடன் வாங்கியது, மழை வந்து வியாபாரம் படுத்தது. கதை அபத்தமாக இருந்தால்தான் மனதில் நிற்கும். (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது.)

5. ஆங்கில எழுத்தில் எழுத ஒரே விதி வையுங்கள். சொல் நினைவிருந்தும் ‘மழை’யை நேற்று இசட்-எச் போட்டு எழுதினோமா, எல் போட்டா என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் விதி: காதை நம்பாதே, எழுத்தை நம்பு. ழ என்றால் இசட்-எச். ல, ள இரண்டும் எல். ந, ன, ண மூன்றும் என். க எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்க வேண்டாம். உங்கள் விதி வேறாக இருக்கட்டும், ஆனால் ஒன்றாக இருக்கட்டும்.

6. பெரிய எழுத்து, எண், குறி கேட்டால் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு, கடைசியில் ஓர் எண் வையுங்கள். அது வாசல் காவலருக்கான சீட்டு, பலம் ஆறு சொற்களில் இருக்கிறது.

7. காகிதத்தில் எழுதி நகை இருக்கும் பீரோவில் வையுங்கள். ஒரு வாரம் தினமும் இருமுறை பார்க்காமல் தட்டச்சு செய்தால் விரலே படித்துவிடும்.

இந்தப் பாடெல்லாம் இரண்டே இடத்துக்கு: மின்னஞ்சலுக்கு ஒன்று, பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜருக்கு இன்னொன்று. மற்றக் கணக்குகளுக்கெல்லாம் மேனேஜரே தனித்தனியாக உருவாக்கட்டும். மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் அந்த மாதிரி விதிகளை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல் அதற்காக வருத்தப்பட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் கட்டாய மாற்றத்தைக் கைவிடச் சொன்னது. திருட்டுப் போனதாகத் தெரிந்தால் மட்டும், அன்றே மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த நோட்டுகளைச் செலவழித்துவிடுங்கள்.