ஆபரேஷன் இல்லாத இதய சிகிச்சை: இ.இ.சி.பி. யாருக்கு உதவும்?



மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: "அத்தாவுக்கு இதயத்தில் அடைப்பு இருக்கிறதாம். ஆபரேஷன் இல்லாமலேயே இ.இ.சி.பி. மெஷினில் கரைத்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?"

அடைப்பு கரையாது. ஆனால் சிலருக்கு நெஞ்சுவலி குறையும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

எப்படிச் செய்கிறார்கள்?

இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக்குழாய் சுருங்கினால், மாடிப்படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுகும், உட்கார்ந்தால் தணியும். இதுதான் ஆஞ்சைனா.

பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுவது போன்ற பெரிய பட்டைகளைக் கெண்டைக்கால், தொடை, இடுப்புக்குக் கீழே சுற்றுகிறார்கள். இ.சி.ஜி.யைப் பின்பற்றி, இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் பட்டைகள் கீழிருந்து மேலாகக் காற்றால் இறுகி, ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளும். இதயத் தசைக்கு ரத்தம் அதிகம் கிடைப்பது அந்த ஓய்வு நேரத்தில்தான். இதயம் மீண்டும் துடிக்குமுன் பட்டைகள் சட்டென்று தளரும். இதயத்தின் சுமை குறையும்.

வழக்கமாகத் தினம் 1 மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம் என மொத்தம் 35 முறை. அட்மிட் ஆக வேண்டியதில்லை. கால்வலி, தோல் சிராய்ப்பு சிலருக்கு வரலாம்.

எவ்வளவு பலன்?

அமெரிக்காவில் 139 பேரிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், நெஞ்சுவலி வரும் தடவைகள் குறைந்தன. இதயம் பலவீனமான 187 பேரிடம் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி செய்யும் நேரம் ஓரளவு கூடியது. ஆயுள் கூடும் என்று நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, மாத்திரை சாப்பிட்டும் வலி தீராதவர்கள், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ய இயலாதவர்கள் ஆகியோருக்கே இதைப் பற்றி யோசிக்கலாம். பைபாஸ் அவசியம் என்று சொல்லப்பட்டவர், பயத்தால் இதைத் தேடிப்போய் நாளைக் கடத்துவது ஆபத்து.

யாருக்குக் கூடாது?

காலில் ரத்தம் உறைந்தவர்கள், கால் ரத்தக்குழாயில் கடும் அடைப்பு உள்ளவர்கள், மகாதமனி வீக்கமோ அதன் வால்வில் பெரிய கசிவோ உள்ளவர்கள், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், ரத்தக்கசிவு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

1. ஸ்டென்ட், பைபாஸ் எனக்கு ஏன் வேண்டாம்? இதை இதய நிபுணரிடம், முடிந்தால் இரண்டாவது ஒருவரிடமும் கேளுங்கள்.
2. எக்கோ, கால் ரத்தக்குழாய்ப் பரிசோதனை பார்த்தாயிற்றா?
3. 35 முறைக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன?

செலவுக்குப் பயந்து பைபாஸைத் தவிர்ப்பவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு இடமுண்டா என்று முதலில் விசாரியுங்கள். இந்தச் சிகிச்சை எடுத்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது; பீடி, சிகரெட்டை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஓய்வெடுத்தும் தணியாத நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த மெஷினையும் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.