மீனில் கதிரியக்கத்தை அளப்பது எவ்வாறு?

கெட்டுப்போன மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்தும் முகர்ந்தும் நம் இல்லத்தரசியர் கண்டுகொள்வர். கதிரியக்கம் கலந்த மீனுக்கோ நிறமாற்றமும் இல்லை, நாற்றமும் இல்லை. வேகவைத்தாலும் அது அழியாது. கருவியே அதனைக் காட்ட வேண்டும்.

1954 மார்ச் 1-இல் பசிபிக் கடலிலுள்ள பிக்கினியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, 23 பேருடன் சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த ஜப்பானியப் படகின்மீது நச்சுச் சாம்பல் விழுந்தது. அவ்வாண்டு ஜப்பானியத் துறைமுகங்களில் அலுவலர்கள் கைகர் கருவியை மீன்களின்மேல் பிடித்துச் சோதித்தனர். அளவு மிகுந்த மீன்கள் அழிக்கப்பட்டன. இம்முறை விரைவானது, ஆயினும் போதாது. கதிர் வருகிறது என்று கூறுமேயன்றி, எப்பொருளிலிருந்து வருகிறது என்று அக்கருவி கூறாது. மீனின் தசையில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. நம் உடலிலும் உண்டு!

2011 மார்ச்சில் ஆழிப்பேரலையால் புக்குஷிமா அணுமின் நிலையம் சிதைந்தபின், நெடுநாள் கவலை அளித்தது சீசியம். இன்று அதனை அளக்கும் முறை இது: மீனின் உண்ணத்தக்க தசையை நறுக்கி, எடை பார்த்துக் கலத்தில் அடைப்பர். அதனைத் தடித்த ஈயச் சுவருக்குள் வைப்பர். சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிர்கள் கணக்கைக் கெடுக்கலாகாதன்றோ? உள்ளே கடுங்குளிரூட்டப்பட்ட ஜெர்மானிய உணர்கருவி ஒவ்வொரு காமாக் கதிரின் ஆற்றலையும் தனித்தனியே பதிவு செய்யும். சீசியம்-137-இன் கதிர் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எனவும், பொட்டாசியத்தின் கதிர் 1,461 எனவும் காட்டும். கைரேகை போன்று ஒன்றுக்கொன்று மாறுபடும். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். எண்ணும் நேரம் நீள நீளக் கணக்கு நுட்பமாகும்.

வாளிப் பாலில் சிறிது எடுத்து உலர் ரப்பரைக் கணிக்கும்போது, மாதிரி பிழையானால் கூலியும் பிழையாகும் என்பதைத் தோட்டத்து அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மீனிலும் அவ்வாறே. கடலடியில் வாழும் மீன்களில் சீசியம் நெடுங்காலம் தங்கியது. ஆக்டோபஸில் விரைவில் குறைந்தது. ஆகவே ஒரு மீனை அளந்து கடல் முழுவதற்கும் தீர்ப்புக் கூற இயலாது.

ஜப்பானிய அரசு 2012 ஏப்ரலில் சீசியத்தின் எல்லையைக் கிலோவுக்கு 500 பெக்கரலிலிருந்து 100 ஆகக் குறைத்தது. புக்குஷிமா மீனவர் சங்கமோ அதனினும் கடுமையாக, 50 எனத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டது. வாங்குவோரின் நம்பிக்கை போனால் பிழைப்பே போய்விடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 2021 பிப்ரவரியில் பாறை மீன் ஒன்றில் 500 பெக்கரல் காணப்பட்டபோது, அவ்வகை மீனின் விற்பனையை உடனே நிறுத்தினர். பிற மீன்கள் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தன.