கப்பிஹோல்: மொழிபெயர்க்கும் ஒரு வாசகிக்கு

அன்புள்ள வாசகிக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கி வருவதாகவும், கணவன் காருக்குள் உட்கார்ந்தபடியே ‘கப்பிஹோலை’த் திறந்து ஒரு காகிதத்தை எடுக்கும் இடத்தில் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அகராதி ‘சிறிய, அடைசலான இடம்’ என்கிறது, காருக்குள் அது எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

தென்னாப்பிரிக்கப் பேச்சில் கப்பிஹோல் என்றால் காரின் முன்னிருக்கைக்கு எதிரே, மூடி போட்டு இருக்குமே, அந்தச் சின்னப் பெட்டி. கார் ஓட்டுபவர்கள் கையுறை அணிந்த காலத்தில் அதை வைப்பதற்கு ஏற்பட்டதால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதைக் கையுறைப் பெட்டி என்கிறார்கள். நம் ஊரில் “டேஷ்போர்டுல இருக்கு, எடு” என்று சொல்லிவிடுகிறோம். ‘டேஷ்போர்டைத் திறந்து’ என்றே எழுதுங்கள். படிப்பவர் எங்கும் தடுக்கி நிற்கமாட்டார்.

கதையில் அதே சொல் இன்னொரு முறையும் வருகிறது என்றீர்களே, தையல்கடையின் பின்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தை மகள் நினைத்துப் பார்க்கும் வரியில். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்குச் சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டுக்கும் முயலுக்கும் கோழிக்கும் அடைப்பாக இருந்த கொட்டிலையும் கூண்டையும் ஆங்கிலத்தின் வட்டாரப் பேச்சு ‘கப்’ என்றது. 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய சொல் அது. அதோடு துளை என்ற சொல்லும் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் கப்பிஹோல் அச்சில் ஏறியது. ஒலியை வைத்து இதைக் ‘க்யூபிக்கிள்’ என்பதோடு சேர்த்துவிடாதீர்கள். அது படுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது, முதலில் படுக்கும் அறையைக் குறித்தது. ‘கப்போர்டு’ம் வேறு குடும்பம்: கிண்ணங்களை எடுத்து வைக்கும் பலகை. மூன்றும் ஒலியில் நெருங்கி நின்றாலும் பிறப்பு வேறு வேறு.

கொட்டிலில் பிறந்ததால்தானோ என்னவோ, இந்தச் சொல்லுக்கு உத்தியோக மரியாதை கிடைக்கவே இல்லை. கட்டட வரைபடத்தில் இது இருக்காது. வீடு விற்பவர் விளம்பரத்திலும் இருக்காது. அவர் அதே இடத்தைப் ‘படிப்பறை’ என்று எழுதுவார். கப்பிஹோல் என்பது அந்த இடத்தில் இருப்பவரும் அவரைப் பார்க்க வருபவரும் பேச்சில் சொல்வது. பெரிய அலுவலகத்தில் ஜன்னலில்லாத மூலையை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒருவர் குறைபடும்போது வரும். ஒளிந்துகொள்ள இடம் கண்டுபிடித்த குழந்தையின் குதூகலத்திலும் வரும். பிரிட்டனின் வரிசை வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே சாய்வாக ஓர் இடம் இருக்கும், அதுவும் கப்பிஹோல்தான். துடைப்பமும் பழைய பெட்டிகளும் கிடக்கும். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த இரவுகளில் பல குடும்பங்கள் குழந்தைகளோடு அந்தப் படிக்கட்டின் அடியில்தான் பதுங்கின, வீட்டிலேயே உறுதியான இடம் அது என்ற நம்பிக்கையில். அளவு மாறவில்லை, அதற்குள் இருந்தவர்களின் நிலைமைதான் மாறியது. ‘சிறிய அறை’ என்று மொழிபெயர்த்தால் அளவு மட்டும் மிஞ்சி நிலைமை போய்விடும். அதனால்தான் அகராதியைக் கண்டு இவ்வளவு கவலைப்படுகிறேன்.

பிள்ளைகளின் பக்கமாக இந்தச் சொல் நெடுந்தூரம் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ‘கப்பி’ என்றால் தோட்டத்தில் பலகையடித்துப் பிள்ளைகள் விளையாடும் குட்டி வீடு. அமெரிக்க மழலையர் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையும் தன் பையையும் மேல்சட்டையையும் வைக்கும் தட்டறை. ஆகவே இந்தச் சொல் எங்கே வந்தாலும், பேசுபவர் எந்த நாட்டவர் என்பதை முதலில் பாருங்கள்.

இதன் சுற்றத்தையும் அறிந்துகொள்வது நல்லது. ‘நூக்’ பெரும்பாலும் இதமான மூலை. ‘ஸ்னக்’ மதுக்கடையில் தடுத்துவிட்ட சின்ன அறை. பொதுக்கூடத்தில் பெண்கள் குடிப்பதை ஊர் பொறுக்காத காலத்தில் அயர்லாந்துப் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள். ‘போக்கி’ என்றால் பிரிட்டனில் மூச்சு முட்டும் சின்ன இடம், அமெரிக்காவில் மந்தமாக நகர்வது. கப்பிஹோல் இதத்துக்கும் புழுக்கத்துக்கும் நடுவே நிற்கிறது; எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பேசும் வாய்தான் முடிவு செய்யும்.

தமிழில் நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சுவரில் விளக்கு வைக்கும் குழி மாடம். தலைக்கு மேலே சாமான் போடுவது பரண். வாடகை வீட்டைப் பற்றி “எலிப் பொந்து” என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் பொந்தில் எரிச்சலும் இளக்காரமும் உண்டு. தகப்பன் தானே சலித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பொந்து என்று தயங்காமல் போட்டிருக்கலாம். வெளியாள் சொல்லியிருந்தால் அதுவே அவமதிப்பாகியிருக்கும். உங்கள் கதையில் பேசுவது மகள், அதுவும் அப்பா இறந்த பிறகு. தையல் இயந்திரமும் துணிக்கட்டுகளும் போக அவருக்கென்று மிஞ்சிய இடம் அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘அப்பாவோட மூலை’ என்று போடுங்கள். அடைசல் என்பதை அடுத்த வரியில் வரும் துணிக்கட்டுகள் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்