கறுப்பு, பச்சை, மஞ்சள்

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு 20 நாள் ஆகிறது. பிறந்தன்று தார் மாதிரி கறுப்பாகப் போனான். பிறகு பச்சை. இப்போது அரைத்த கடுகு போல மஞ்சள். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. இத்தனை நிறம் எங்கிருந்து வருகிறது? கிரைப் வாட்டர் கொடுக்கலாம் என்றால் மகள் தடுக்கிறாள்.
- ஒரு பாட்டி, பண்டமாரான்

பதில்: நிறம் பாலில் இல்லையம்மா, ரத்தத்தில் இருக்கிறது. முட்டியில் அடிபட்டுக் கன்றிய இடம் நாளாக ஆகப் பச்சையாகி, மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிறக்கும் நிறங்கள் அவை. உடம்புக்குள்ளும் அதே கதைதான். கல்லீரல் அந்தச் சாயத்தைப் பித்தத்தோடு கலந்து குடலுக்கு அனுப்புகிறது. முதல் நாள் கறுப்பு என்பது, வயிற்றுக்குள் இருந்தபோது பிள்ளை விழுங்கிய பனிக்குட நீரும் மெல்லிய ரோமமும் பித்தமும் சேர்ந்து இறுகியது. மருத்துவர்கள் அதை மெக்கோனியம் என்பார்கள். கசகசாச் செடியின் சாற்றுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. அபினைப் போலவே கறுத்துப் பிசுபிசுப்பதால் ஒட்டிக்கொண்டது.

பெரியவர்களின் குடலில் வாழும் கிருமிகள் மஞ்சளைப் பழுப்பாக்கிவிடும். பேரன் வயிற்றில் அவை இன்னும் முழுதாகக் குடியேறவில்லை. ஆறு மாதத்தில் சோறு ஊட்டத் தொடங்கியதும் பழுப்பும் வரும், நாற்றமும் வரும்.

பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ போனால், பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். பித்தக் குழாய் அடைபட்ட பிள்ளைகளுக்கு 1950களில் ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் ஓர் அறுவை சிகிச்சை கண்டுபிடித்தார். பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அதனால்தான் தைவான் 2004 முதல் ஒவ்வொரு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலும் மல நிற அட்டையைச் சேர்த்தது. பேரனுக்கு 14 நாள் தாண்டிவிட்டது. கண்ணில் இன்னும் காமாலை மஞ்சள் தெரிந்தால், பாம்பர்ஸில் என்ன நிறம் இருந்தாலும், இன்றே கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். மலம் வெளுத்தாலும், அதில் ரத்தம் கலந்தாலும் அப்படியே.

கிரைப் வாட்டருக்கு வருவோம். அது பிறந்தது சதுப்பு நிலக் காய்ச்சலில். இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பில் மலேரியா கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்து வயிற்றுப் பொருமலையும் அடக்குவதைக் கவனித்த நாட்டிங்காம் மருந்துக்கடைக்காரர் வில்லியம் உட்வர்ட், 1851இல் தம் சரக்கை இறக்கினார். சதகுப்பை எண்ணெய், சமையல் சோடா, சர்க்கரை, கொஞ்சம் சாராயம். பிள்ளை ஏன் சொக்கித் தூங்கியது என்பது இப்போது புரிகிறதா? சாராயத்தை எடுத்தது 1990களில்தான். வேடிக்கை என்னவென்றால், உங்கள் பண்டமாரானை ஒட்டிய துறைமுகமே 1901இல் திறந்த கையோடு மலேரியாவால் முடங்கியது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துத்தான் அதை மீட்டார்.

மகள் சொல்வதே சரி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். வாங்கிய பாட்டில் வீணாகிறதே என்றிருந்தால், உங்களுக்கு இனிப்பு நீர் இல்லாத பட்சத்தில், நீங்களே ஒரு மூடி குடித்துக்கொள்ளலாம்.