தானாக எரியும் விளக்கு



கார்த்திகை தீபத்தன்று நம்ம ஊரில் என்ன நடக்கும்? மாலை 6 மணிக்குக் கோயில் கொடிமரத்தின் அருகே அகண்ட தீபம் ஏற்றுவார்கள். உடனே 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் எரியும். அதைப் பார்த்த பிறகுதான் நாம் வீட்டு வாசலில் அகல் விளக்கு ஏற்றுவோம், இல்லையா?

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பார்ப்பது கண். "மலையில் தீபம் தெரிந்தால் விளக்கேற்று" என்பது விதி. ஏற்றுவது கை. வீட்டில் தானாக எரியும் மின்விளக்கிலும் இதே மூன்றுதான்! கண்ணுக்குப் பதில் சென்சார் (உணரி), கைக்குப் பதில் ரிலே என்ற சுவிட்ச். நடுவில் இருக்கும் விதியை மட்டும் நாம்தான் சொல்லணும்.

இரண்டு வகை உணரிகள்

1. ஒளி உணரி (எல்.டி.ஆர்.): இதில் கேட்மியம் சல்பைடு என்ற பொருள் இருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், இருட்டினால் கூடும். இதை வைத்து இரவா பகலா என்று கண்டுபிடிக்கலாம். இதற்கு டைமர் போதாதா என்று கேட்கலாம். நம்ம ஊரில் ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைவதற்கும் நவம்பர் கடைசியில் மறைவதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வித்தியாசம். டைமருக்கு அது தெரியாது.

2. நடமாட்ட உணரி (பி.ஐ.ஆர்.): நம் உடம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது. ஆள் நகரும்போது அந்தக் கதிரில் ஏற்படும் மாற்றத்தை இது உணரும். மாற்றம் இல்லை என்றால் இதற்கு எதுவும் தெரியாது. இதை மறக்காதீர்கள், கதையே இங்கேதான்!

எங்கள் வீட்டில் நடந்தது

எங்க ஆயாவுக்கு 74 வயது. ராத்திரியில் சுவிட்ச் தேடித் தடவுகிறார்கள் என்று எலக்ட்ரீஷியன் மாமா பாத்ரூமில் நடமாட்ட உணரி மாட்டினார். விதி இதுதான்: "இருட்டாக இருந்து, அசைவு தெரிந்தால் விளக்கு எரியட்டும். 1 நிமிடம் அசைவு இல்லை என்றால் அணையட்டும்."

முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள் ராத்திரி ஆயா சத்தம் போட்டார்கள். "இன்னாடா இது, ஆளு உள்ள இருக்கும்போதே வௌக்கு அணஞ்சிபோச்சி!" ஆயா அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், விளக்கு அணைந்துவிட்டது. பயந்து எழுந்ததில் கால் வழுக்கியது. நல்ல வேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

உணரி மேல் தப்பில்லை. 'அசைவில்லை' என்றால் 'ஆள் இல்லை' என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு. மறுநாளே மாமா நேரத்தை 5 நிமிடமாக மாற்றினார். ராத்திரி முழுக்க எரிய ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டார். ஆயா கைக்கு எட்டும் இடத்தில் சாதாரண சுவிட்ச் ஒன்றும் வைத்தார். இப்போது ஆயா தைரியமாகப் போகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

* ஒளி உணரியை அதே விளக்கின் கீழே வைக்காதீர்கள். இருட்டினால் விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டது என்று அணைக்கும், மறுபடி எரியும். எங்கள் கேட் விளக்கு இப்படித்தான் கண் சிமிட்டியது!

* மலையடிவாரத் தெருக்களில் குரங்கு ஓடினாலும் விளக்கு எரியும். வெப்பம் உள்ள எது அசைந்தாலும் உணரிக்கு ஒன்றுதான்.

* கோடையில் காற்றின் சூடும் நம் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட சமமானால் நடமாட்ட உணரி சரியாக வேலை செய்யாது.

* கரண்ட் போய்த் திரும்பி வந்தால் விளக்கு எரியணுமா, அணைந்தே இருக்கணுமா? இதையும் முன்பே யோசியுங்கள்.

* வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நாம் விதி எழுதலாம், வயரில் கை வைக்கக் கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒரு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். எப்போது எரியணும்? எப்போது அணையணும்? எப்போது அணையவே கூடாது? மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதி, வீட்டில் வயதானவர்களிடம் படித்துக் காட்டுங்கள். நாங்கள் மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்தோம், ஆயாதான் வழுக்கினார்கள். உங்கள் விதிகளை இந்தத் தாளின் கீழே குத்தி வையுங்கள். எல்லாரும் படிக்கலாம்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு